தாலிக்கு ஒரு திருத்தம்

கேரள மலையில் ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையிடம், தூள் வாங்கும் ஜெர்மன் கம்பெனி சர்வதேச உணவுப் பாதுகாப்புச் சான்று கேட்டது. இல்லையென்றால் அடுத்த வருடம் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தது. அதற்காகவே ராஜஸ்ரீயைத் தர மேலாளராக எடுத்தார்கள். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரி. கொச்சியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இதே வேலையைப் பார்த்தவள்.

அவள் வந்தபின் ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள். தரையில் சிந்திய தூளை அள்ளித் திரும்பப் போடும் வழக்கம் நின்றது. எல்லோருக்கும் தொப்பியும் கோட்டும் வந்தன. முணுமுணுப்பு இருந்ததே தவிர யாரும் மறுக்கவில்லை. தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறைக்குள் எந்த நகையும் கூடாது என்று அறிவித்த அன்றுதான் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"வளையலக் கழட்டுறோம், கம்மலக் கழட்டுறோம் மேடம். தாலியக் கழட்ட மாட்டோம்," என்றாள் இருதயம்மாள். "நான் செத்ததுக்கப்புறம் வேணா கழட்டிக்கிடுங்க."

"ஒரு குண்டு கழண்டு தூள்ல விழுந்தா சாப்பிடறவாளுக்குத்தான் ஆபத்து. ஸ்டாண்டர்டு அப்படித்தான் சொல்றது," என்றாள் ராஜஸ்ரீ.

மாரீஸ்வரி மட்டும் முன்னால் வந்தாள். தாலியைக் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனாள். வேறு யாரும் நகரவில்லை. ஆளில்லாமல் அன்று சலிக்கும் இயந்திரங்கள் ஓடவில்லை.

சாயங்காலம் ராஜஸ்ரீ தரநிலையை மறுபடி படித்தாள். அதில் தாலியைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஆபத்து எங்கே என்று பார், அதைக் கட்டுப்படுத்து, செய்வதை எழுது, எழுதியதைச் செய் என்பதுதான் அதன் சாரம். நகை கூடாது என்ற வரியைப் பழைய கம்பெனியின் விதிகளிலிருந்து எடுத்துப் போட்டவள் அவளேதான். கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டுக்குள் தாலி இருக்கலாம், வாசலில் ஒருவர் சோதிக்க வேண்டும் என்று திருத்தி எழுதினாள்.

மறுநாள் காலையில் மாரீஸ்வரி அவளைத் தேடி வந்தாள்.

"ரூல மாத்தப் போறீங்களாமே மேடம்."

"ஆமாம். நீங்களும் இனிமே போட்டுக்கலாம்."

"மாத்த வேண்டாம். பழசே இருக்கட்டும்."

ராஜஸ்ரீ அவளை உட்காரச் சொன்னாள். மாரீஸ்வரி நின்றுகொண்டே சொன்னாள். புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கே வேறு குடும்பம் ஆகி வருடங்கள் ஆகிவிட்டன. மாமியார் சின்னத்தாய் இவளோடுதான் எஸ்டேட் லயத்து வீட்டில் இருக்கிறாள். தாலியைக் கழற்றும் பேச்சை எடுத்தால் சாப்பிட மாட்டாள்.

"நேத்து கம்பெனி ரூலு, கம்பெனியே வாங்கி வச்சுக்கிடுச்சுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாங்க. அம்புட்டுத்தான். நல்லாத் தூங்குனேன் மேடம்."

"உங்களுக்காக மத்தவாளைக் கழட்டச் சொல்ல என்னால முடியாது," என்றாள் ராஜஸ்ரீ.

"தெரியும். கேட்டுப் பாக்கலாம்னுதான் வந்தேன்."

திருத்தத்தை அன்றே பலகையில் ஒட்டினார்கள். பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் மாரீஸ்வரி லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது.

"இனிமே போட்டுக்கிடலாமாமே. இருதயம்மா சொன்னா," என்றாள் சின்னத்தாய். "எங்க?"

"லாக்கர்ல இருக்கு. நான் போடல அத்த."

"ஏன்?"

"நேத்தும் ரூலுக்காகக் கழட்டல. அவரு போனதுக்குத்தான் கழட்டுனேன்."

சின்னத்தாய் திட்டவில்லை. காலையில் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, சாந்தன்பாறையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். மாரீஸ்வரி தடுக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனாள். பஸ் போனபின் ஃபாக்டரிக்குப் போகும் ஏற்றத்தில் அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வாசலில் கோட்டைச் சோதிக்கும் வேலையை ராஜஸ்ரீ அவளுக்கே கொடுத்தாள். தணிக்கைக்கு வந்த அதிகாரி, மேல் பட்டன் இல்லாமல் யாராவது வந்தால் என்ன செய்வாய் என்று மலையாளத்தில் அவளைக் கேட்டார். திருப்பி அனுப்புவேன் என்றாள். அவர் கண்டுபிடித்த குறை வேறு. விளக்கு ஒன்றுக்கு மூடி இல்லை. அதைப் போட்டதும் சான்று வந்தது. ஜெர்மன்காரர்கள் தொடர்ந்து வாங்கினார்கள்.

ஓணம் கழிந்து சின்னத்தாய் அதே பையோடு திரும்பி வந்தாள். சாந்தன்பாறைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். ஏலப்பாறையிலும் அதே குளிர்தான். மாரீஸ்வரி அதைச் சொல்லாமல் சோறு போட்டாள். சின்னத்தாய் சாப்பிட்டாள்.