கன்னச் சிவப்பு

குளிர்காலம் வந்துவிட்டால் சியோல் நகரத்தில் வானிலை அறிக்கையோடு சாவு பற்றிய எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். மேகம் மூடி, காற்று அசையாமல், குளிர் கொஞ்சம் தணிந்த நாளாக இருந்தால், "இன்று கரிப்புகை விஷயத்தில் கவனமாக இருங்கள்" என்று வானொலியில் சொல்வார்கள். மழைக்குக் குடை எடுத்துப் போகச் சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொல்வார்கள். கேட்கிறவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். வேறு என்ன செய்ய? எந்த வீட்டில் கரிக்கட்டி எரியவில்லை? தேன்கூடு போலத் துளை போட்ட அந்தக் கட்டிதான் அடுப்பில் சோற்றை வேகவைக்கும். அதன் அனல்தான் தரைக்கு அடியில் ஓடிப் படுக்கிற அறையைச் சூடாக்கும். தரையில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், அனலோடு எமனும் உள்ளே வந்துவிடுவான்.

வானிலை முடிந்ததும் ஹேவொன் வருவாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு வானொலிக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வயிறு ஏன் உறுமுகிறது, பனி விழுந்தால் தெரு ஏன் சத்தமடங்கிப் போகிறது, விக்கல் எங்கிருந்து கிளம்புகிறது என்று தினம் ஒன்றாகச் சொல்வாள். அவள் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். அந்தத் திறமை தனக்கு இருக்கிறது என்பது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

குன்றின் மேலே, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்த வீடுகளில் ஒன்றில் அவள் ஐந்து வருஷமாக வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரியை ஊரே மால்சுக் அம்மா என்றுதான் கூப்பிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. மிச்சமிருந்தது மகள் மால்சுக் ஒருத்திதான். பத்தொன்பது வயது. அமெரிக்காக்காரிகளுக்கு டோப்பா முடி பின்னுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்ததும் வந்து, அடுப்படியை ஒட்டிய அறையில் விழுந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

அன்றைக்கு முற்றத்துக் குழாயடியில் மால்சுக் அம்மா முட்டைக்கோஸ் அலசிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நாளைக்கு ரேடியோல என்ன?"

"கரிப்புகை. நாளைக்கு மந்தாரமா இருக்கும்னு சொல்றாங்க."

"நல்லாச் சொல்லுங்க. போன தடவை நீங்க சொன்னீங்கன்னுதான் தரை விரிசலை மூடப் புதுசா எண்ணெய்க் காகிதம் ஒட்டினேன். முட்டி தேஞ்சு போச்சு."

"மால்சுக் தலை வலிக்குதுன்னு சொன்னாளே?"

"ராவெல்லாம் கண்ணு முழிச்சா தலை வலிக்காம வாயா வலிக்கும்? அவளுக்கு வாய் மட்டும் வலிக்கவே வலிக்காது."

உள்ளேயிருந்து மால்சுக் தலையை நீட்டினாள். "யாரு வயித்துல பொறந்தேன்? வேற எப்படி இருக்கும்?"

"ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வச்சுத் தூங்கு" என்றாள் ஹேவொன்.

"தொறந்தா ஐஸ் கட்டியாயிடுவேன் டீச்சர். அப்புறம் என்னைச் சீவிச் சக்கரைத்தண்ணி ஊத்தி வித்துடும் எங்கம்மா."

ஹேவொன் சிரித்துவிட்டு, "மால்சுக் அம்மா, நாளைக்குச் சொல்லப்போறதை இப்பவே சொல்லிடறேன், கேட்டுக்குங்க" என்றாள்.

"வேணவே வேணாம்!" என்று ஈரக் கையை வீசினாள் அவள். "குழாயடியில நீங்க சொன்னா அது ஊர்க்கதை. அடுத்த நிமிஷம் மறந்துடுவேன். ரேடியோல வந்தாத்தான் எனக்கு மண்டையில ஏறும். நீங்க அதுல சொல்ற ஒரு வார்த்தையை நான் மீறியிருக்கேனா?"

மீறியதில்லைதான். ஹேவொனுக்கு அதைக் கேட்கச் சுகமாக இருந்தது. அதனால் விட்டுவிட்டாள்.

மறுநாள் இருட்டுப் பிரியுமுன் நிலையத்துக்குப் போனபோது, எழுதிக்கொடுத்திருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நாம்குங் சார் காத்திருந்தார். நிகழ்ச்சிக்குப் பொறுப்பாளர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கேட்கிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வேதம்.

"எல்லாம் பிரமாதம்மா. குளிர் தணிஞ்ச நாள்ல புகை ஏன் மேல ஏறாம வீட்டுக்குள்ளயே சுத்துது, அது நல்லாப் புரியுது. ரத்தம் நல்ல காத்தை விட்டுட்டு இந்த விஷக் காத்தைக் கட்டிப் பிடிச்சுக்குது, அதுவும் சரி. கடைசிப் பத்தி வேணாம்."

கடைசிப் பத்தியில்தான் முகம் இருந்தது. மூச்சுமுட்டிச் சாகிறவர்கள் நீலம் பாரித்துப்போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த விஷக் காற்று ஏறிய ரத்தமோ பளிச்சென்று சிவக்கும். விஷம் முற்றிப்போனவர்களின் கன்னம் பல சமயம் ரோஜா நிறத்தில் இருக்கும், சுகமாகத் தூங்குகிற மாதிரியே தெரியும், அந்த நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாள்.

"அதுதான் சார் முக்கியமே."

"நாம எந்த நேரத்துல பேசறோம்? காலைச் சாப்பாட்டு நேரம். சூப்பு வாயில இருக்கு, புள்ளை பக்கத்துல உக்காந்திருக்கு. அப்பப் போயிப் பொணத்தோட கன்னத்தைப் பத்திப் பேசுவியா? தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், எல்லாம் சொல்றியே, போதாதா? அந்த இடத்துல கலகலப்பா எதையாச்சும் வையி. தெருமுனைப் பொரி வண்டியில அரிசி பொரிக்கிற உருளையைத் தொறந்தா ஏன் டமார்னு வெடிக்குதுன்னு எழுதி வச்சிருந்தியே, அதைச் சேரு."

"அது இன்னொரு நாளைக்கு..."

"ஹேவொன், நீ சொல்லிக்கொடுக்கறவ. பயமுறுத்தறவ இல்ல."

அவள் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. நேரடி ஒலிபரப்பு, ஒலிவாங்கி அவள் வாயருகேதான் இருந்தது, அவரால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டத்தான் முடியும். இருந்தும் அவர் சொன்னபடியே வாசித்தாள். சண்டை போட்டுச் சலித்தவர்களுக்கு ஒத்துப்போவது ஒரு ஓய்வு மாதிரி. பொரி வெடிக்கிற இடத்தில் அவளே வாயால் டமார் என்று சத்தம் போட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார்கள்.

மத்தியானம் வீடு திரும்பியபோது வானம் சாம்பல் பூசின மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. புகைபோக்கிகளில் வந்த புகை மேலே போக மனமில்லாமல் கூரைகளின் மேலேயே படுத்துக் கிடந்தது. மால்சுக் அம்மா முற்றத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், இன்னைக்கு எனக்கு நூத்துக்கு நூறு போடணும் நீங்க! நீங்க பேசி முடிச்ச கையோட அவ ரூமுக்குப் போயிப் பாத்தேன். தலைவலின்னு முனகுறாளா? இல்ல. வாந்தி எடுத்திருக்காளா? இல்ல. நீங்க சொன்ன ஒண்ணுமே இல்ல. கன்னம் ரெண்டும் அப்படியே ஆப்பிள் மாதிரி செவந்து கெடக்கு. பாவம், என்னைக்குமில்லாம இன்னைக்குத்தான் அசந்து தூங்குதுன்னு, போர்வைய இழுத்துப் போத்திவிட்டுட்டுச் சத்தமில்லாமக் கதவைச் சாத்திட்டு வந்தேன். இன்னும் எழுந்திருக்கல பாருங்க."

ஹேவொன் செருப்போடு உள்ளே ஓடினாள். அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம் அது. மால்சுக் அம்மா, "ஐயோ, என்ன டீச்சர் இது, தரை!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

மால்சுக் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் அம்மா சொன்ன மாதிரியேதான் இருந்தாள். இந்த ஐந்து வருஷத்தில் அவளை இத்தனை அழகாக ஹேவொன் பார்த்ததில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துணிப்பொம்மையின் தலை போல ஆடியது. மூச்சு இருந்தது, நூல் மாதிரி.

இருவரும் அவளை முற்றத்துக்கு இழுத்துவந்து போட்டார்கள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. யாரோ ஒருத்தி முள்ளங்கி கிம்ச்சி ஊறிப் புளித்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு வந்து வாயைத் திறக்கப் பார்த்தாள். புகை ஏறியவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் மருந்து என்று அந்த ஊரே நம்பியது. ஹேவொன் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். "தொண்டையில அடைச்சுக்கும்! தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

எதிர்வீட்டு அரிசிமாவுப் பலகாரக்காரர் அவளை முதுகில் சுமந்துகொண்டு, அந்தச் செங்குத்துப் படிகளில் இறங்கினார். கீழே டாக்சி பிடித்தார்கள். நல்ல காற்றை அழுத்திச் செலுத்தி ரத்தத்திலிருந்து விஷத்தை விரட்டுகிற பெரிய இரும்புப் பெட்டி இருந்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள்ளே ஏற்கனவே ஒருவர் இருந்தார், வெளியே இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. மந்தாரமான நாள் அல்லவா? முறை வருவதற்குள் மால்சுக்கின் மூச்சு நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னதை மால்சுக் அம்மா நம்பவில்லை.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? மொகத்தைப் பாருங்க! எப்படிச் செவந்திருக்கா! இவளையா செத்துட்டான்னு சொல்றீங்க? உங்க மொகம்தான் பொணம் மாதிரி இருக்கு!" என்று அந்த மனிதரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து உலுக்கினாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க இவருக்கு! நீங்க எடுத்துச் சொல்லுங்க!"

ஹேவொன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

கல்யாணமாகாத பெண் என்பதால் பெரிய சடங்கு எதுவும் கிடையாது. மறுநாளே எரித்துச் சாம்பலை ஆற்றில் தூவிவிட்டு வந்தார்கள். டோப்பாத் தொழிற்சாலையிலிருந்து வந்த பெண்கள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்கள். சாயங்காலம் மால்சுக் அம்மா அடுப்படியில் கரியேதும் பற்றவைக்காமல் குளிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஹேவொன் கஞ்சி கொண்டுபோய் வைத்தாள்.

"போய்ப் பாத்தேனே டீச்சர்" என்றாள் அவள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "போகாம இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல. போயி, பாத்து, கதவைச் சாத்திட்டு வந்தேனே. பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?"

"உங்க மேல ஒண்ணும் தப்பில்ல."

"மொகம் செவக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா ரேடியோல சொல்லாமலா இருந்திருப்பீங்க?" அவள் ஹேவொனின் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கும் தெரியாதுதானே?"

ஆமாம் என்று ஹேவொன் சொன்னால் அந்தத் தாய்க்கு ஒரு பிடி கிடைக்கும். தனக்கும் கிடைக்கும். எது முதலில் தோன்றியது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லை.

"தெரியாதுங்க" என்றாள்.

"பாத்தீங்களா?" என்று மால்சுக் அம்மா பெருமூச்சு விட்டாள். "படிச்ச உங்களுக்கே தெரியாதப்ப நான் எம்மாத்திரம்?" பிறகு கஞ்சியில் இரண்டு வாய் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துபோனாள்.

அடுத்த நாளும் வானம் அதே மாதிரிதான் மூடிக் கிடந்தது. வானிலை அறிவிப்பாளர் அதே குரலில் அதையே சொன்னார். ஹேவொனுக்கு அன்று பேசக் கொடுத்திருந்தது நகம் ஏன் வளர்கிறது என்பது. அவள் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்ததும் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். குன்றின் மேலே அந்த வீட்டில் வானொலியை யாரும் அணைத்திருக்க மாட்டார்கள். அவள் குரல் வருகிற நேரத்தில் மால்சுக் அம்மா அதை அணைத்ததே கிடையாது. இப்போது இதைச் சொன்னால் நேற்றுச் சொன்ன பொய் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொருத்தி கதவைச் சாத்துவாள்.

"இன்றைக்கு நகத்தைப் பற்றிப் பேசவில்லை" என்று ஆரம்பித்தாள். "உங்கள் வீட்டில் யாராவது இப்போது தூங்கிக்கொண்டிருந்தால், கையிலிருக்கிற கரண்டியை வைத்துவிட்டுப் போய் அவர்களை எழுப்புங்கள். முகம் சிவப்பாக, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கரிப்புகை ஏறியவர்களின் கன்னம் சிவக்கும். செத்த பிறகும் சிவந்தே இருக்கும். உலுக்குங்கள். எழுந்திருக்காவிட்டால் கதவைத் திறந்து வெளியே இழுத்துப் போடுங்கள்."

கண்ணாடிக்குப் பின்னால் நாம்குங் சார் எழுந்து நின்றார். கையை ஆட்டவில்லை. ஹேவொன் அதையே திரும்பத் திரும்ப, வெவ்வேறு விதமாகச் சொல்லி நேரத்தை நிரப்பினாள். வேலை இருக்குமா போகுமா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிற படிகளில் இரண்டு பேர் அவளை நிறுத்தி, "இன்னைக்குப் பேச்சு கேட்டோம், பயமுறுத்திட்டீங்களே" என்றார்கள். ஒருத்தி தன் மாமியாரை உலுக்கி எழுப்பித் திட்டு வாங்கியதைச் சொன்னாள். ஹேவொன் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

மால்சுக் அம்மா வாசலில் நின்றிருந்தாள். கத்துவாள், பாத்திரத்தைத் தூக்கி எறிவாள், அறையைக் காலி செய்யச் சொல்வாள் என்று ஹேவொன் வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் தேவலை.

"நேத்து ராத்திரிதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டீங்களா டீச்சர்?"

அவள் அப்படிக் கேட்டதில் கோபமே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்கிற கெஞ்சல்தான் இருந்தது. ஹேவொனுக்கு அது நன்றாகவே கேட்டது.

"இல்ல. முன்னாடியே தெரியும். அன்னைக்குச் சொல்லணும்னு எழுதியும் வச்சிருந்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

மால்சுக் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கே தெரியாதுன்னு நெனச்சுத்தான் நேத்து ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்" என்றாள். "இனிமே எதை நெனச்சுக்கிட்டு நான் கண்ணை மூடுறது? சொல்லுங்க. எல்லாத்தையும் வெளக்கிச் சொல்றவங்களாச்சே நீங்க, இதையும் சொல்லுங்க."