ஜோதியின் பல்வரிசை

சார்ஜரில் கிடந்த போன் திடீரென்று அலறியது. மரகதத்தின் கையிலிருந்த முறுக்கு முழுசாக டீக்குள் விழுந்தது.

போன் ஜோதியுடையது. அவள் மரகதத்தின் ஓரகத்தி, கொழுந்தன் ஸ்ரீதரின் மனைவி. வேலை செய்யும் தொழிற்சாலைக்குள் கேமரா போனை விடமாட்டார்கள் என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஸ்ரீதர் நைட் ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மரகதம் எடுத்தாள்.

"ஜோதி மேடம் நம்பருங்களா? சுங்குவார்சத்திரம் பல் கிளினிக். நாளைக்கு சனிக்கிழமை, பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். சுகர் இருக்குல்ல, சாப்ட்டு மாத்திரை போட்டுட்டு வரச் சொல்லுங்க."

மரகதத்துக்கு வயிறு எரிந்தது. மறுபடியுமா? போன மாதம்தானே போய்வந்தாள்!

இருவருக்கும் சர்க்கரை வந்தது ஒரே வருடம். வடக்குப்பட்டில் ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே மாத்திரை. ஆனால் ஜோதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போய்விடுவாள். மரகதம் ஒருமுறைகூடப் போனதில்லை. சர்க்கரைக்காரர்கள் பல்லில் கை வைத்தால் புண் ஆறாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து நாலு வயதில் கீழ்ப்பல் இரண்டு ஆடின. பேஸ்ட் நுரை சிவப்பாக வந்தது. முறுக்கை டீயில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, "இதான் ருசி" என்று சாதித்தாள்.

ஜோதியோ கோழி எலும்பைக் கடித்து நொறுக்குவாள். போன வாரம் சொந்தக்காரர் கோபால் வீட்டுக் காதுகுத்தில் போட்டோக்காரர், "செவப்புப் பொடவக்கா, அப்படியே சிரிங்க!" என்று அவளை நடுவில் நிறுத்தினார். பக்கத்தில் உதட்டை இறுக்கியபடி மரகதம். அந்தப் போட்டோவைப் பார்த்து அவள் கணவன் தசரதனே, "ஜோதி ஷோக்கா கீது. நீ இன்னாமே, சாவு வூட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிற?" என்றான். அன்று அவனுக்கு வெறும் ரசம்தான்.

"ஹலோ, வருவாங்கல்ல?"

"வரமாட்டாங்க. பேர அடிச்சிடுங்க."

"ஈறு டாக்டர் மாசத்துல ஒரு நாள்தாங்க வருவாரு…"

"பரவால்ல. வேற யாருக்குனா குடுங்க."

வைத்துவிட்டு, டீயில் மூழ்கிய முறுக்கை ஸ்பூனால் எடுத்துத் தின்றாள். வெகுநாளைக்குப் பிறகு அதில் ருசி தெரிந்தது.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ.

"எங்கன்னு கேக்காத. ஏறுக்கா" என்று ஜோதி கையைப் பிடித்து இழுத்தாள்.

லாரிகளுக்கு நடுவே பாதி வழி கடந்ததும்தான் வாயைத் திறந்தாள். "கோச்சுக்காதக்கா. நீ ரத்தமா துப்புறத பார்த்துகினுதான் கீறேன். போன மாசம் உனக்கோசரம்தான் டாக்டரக் கேக்கப் போனேன். இப்ப பார்த்தா அந்த ரெண்டு பல்லும் நிக்கும், இன்னும் வுட்டா போயிடும்னாரு. முன்னாடியே சொன்னா நீ எங்கனா ஓடிடுவ. அதான் என் நம்பரக் குடுத்து உன் பேர்ல போட்டேன்."

மரகதத்துக்கு நேற்றைய போன் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் ஆட்டோ கிளினிக் வாசலில் நின்றது.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "மரகதம்… நேத்தே போன்ல வேணாம்னுட்டாங்களே. அந்த இடத்த வேற பேஷன்ட்டுக்குக் குடுத்துட்டோம். இனிமே அடுத்த மாசம்தாங்க."

"அடுத்த மாசமா? அதுக்குள்ள பல்லு வுழுந்துடுமே!" ஜோதியின் முகம் சிவந்தது. "போன் வூட்ல கெடந்துது. அத எடுத்தது எங்க வூட்டுக்காரராதான் இருக்கும். தூக்கம் கெட்டுப்போச்சுன்னு ஒளறி வெச்சிருக்காரு. சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி லீவு வாங்கினு வந்தா… இரு அக்கா, ஸ்ரீதர கேக்கற கேள்வில அந்தாளு ஜென்மத்துக்கும் தூங்கக்கூடாது."

அவள் எண்ணை அழுத்தப்போனாள். மரகதத்தின் நாக்கு, ஆடும் பல்லைத் தானாகத் தள்ளிப் பார்த்தது. சட்டென்று ஜோதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன ஒண்ணும் கேக்காதடி. நான்தான் வேணாம்னேன்… உன் பல்லுன்னு நெனைச்சு."