பூ ராக்கெட்டுக்கு ஏற்ற பேட்டரி

ஒரு கும்பாபிஷேகத்தில் ஹெலிகாப்டர் வந்து கோபுரத்தின்மேல் பூத்தூவியதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, முத்தையன்களம் ஊராட்சித் தலைவர் ஜக்கம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனி மாதக் கடைசியில் ஊரின் புது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை அவர் திறந்துவைக்க வேண்டும். அன்றைக்குத் தன் தலையிலும் வானத்திலிருந்து பூ விழ வேண்டும். ஹெலிகாப்டர் வாடகையை விசாரித்தவர், பதிலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

"அதுக்கெதுக்குத் தலைவரம்மா ஹெலிகாப்டரு? நாங்க ராக்கெட்டு விட்டுத் தாரோம்ல" என்றான் சங்கிலி.

சங்கிலிக்கு ஓடைப்பட்டிப் பக்கத் திராட்சைத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் ராக்கெட்தான். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து விட்டால் மூன்று தென்னை உயரத்துக்குப் போகும். போகும், விழும், அவ்வளவுதான். உச்சியில் மூடி திறந்து பூக் கொட்ட வேண்டுமானால் அதற்குள் ஒரு சர்க்யூட் வேண்டும். அந்த 'நாங்க' யார் என்று அன்று சாயங்காலம்தான் அவன் மனைவி விஜிக்குத் தெரிந்தது.

விஜி பழனிசெட்டிபட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். "ஊர்ல வாக்குக் குடுக்குறது நீங்க, ஈயம் வைக்கிறது நானா மாமா?" என்று கத்திவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து வரைபடம் போட்டாள். ராக்கெட் கிளம்பும்போது சுவிட்சை அடைத்திருக்கிற முள் ஒன்று உருவிக்கொள்ளும். டைமர் இரண்டரை நொடி எண்ணும். பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டார் சுற்றிக் கொக்கியை இழுக்கும். மூடி திறந்து பூவும் பாராசூட்டும் வெளியே வரும். அது ஒரே நாளில் முடிந்துவிட்டது. எந்தப் பேட்டரி என்பதுதான் முடியவில்லை.

சங்கிலி முதலில் தன் பைக் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பவர் அள்ளுமுல்ல!"

"அள்ளும். ராக்கெட்டு இங்கனயே உக்காந்துக்கிட்டு அள்ளும். ரெண்டரைக் கிலோ இருக்கு, கொண்டுபோய் வைங்க."

அடுத்து பஸ் ஸ்டாண்டு கடையில் ஒன்பது வோல்ட் சதுரப் பேட்டரி ஒன்று வாங்கிவந்தான். எடை இல்லை, மீட்டரில் ஒன்பதும் காட்டியது. ஆனால் மோட்டார் சுற்ற ஆரம்பித்த அந்தக் கணமே மூன்றுக்கு இறங்கிப் படுத்துக்கொண்டது. டைமர் மயங்கி, தெளிந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணியது. இரண்டரை நொடிக்கு ஒருதரம் மேசைமேல் 'கிர்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, மறுபடி 'கிர்'.

"என்ன விஜி, விக்கல் எடுத்தவன் மாதிரி விக்குது?"

"சும்மா இருக்கும்போது ஒம்பதுன்னு சொல்லுது. வேலைன்னு வந்தா ஓடிப்போகுது."

மூன்றாவதாக, நாலு பென்சில் செல்லை ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வரிசையாகப் போட்டார்கள். மேசையில் இருபது தடவை சோதித்தார்கள். இருபது தடவையும் மூடி திறந்தது. மகிழ்ச்சியோடு ஓடைப்பட்டிக்குப் போய் ஒரு வெற்று நிலத்தில் விட்டார்கள். ராக்கெட் ஜோராக மேலே போனது. உச்சியில் ஒரு நொடி நின்று யோசித்தது. பிறகு தலைகீழாக வந்து பக்கத்துத் திராட்சைப் பந்தலைத் துளைத்து, கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த முருகம்மாளின் சாப்பாட்டுத் தூக்கில் குத்தி நின்றது.

"ஏலே சங்கிலி, கூட்டாஞ்சோத்துல ராக்கெட்டு விடுறியே, நல்லாருப்பியா!"

அவளுக்கு இரண்டு புரோட்டாப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

திரும்பும் வழியெல்லாம் விஜி காரணத்தைத் தேடினாள். பஸ்ஸில் மடியில் பேட்டரிப் பெட்டி. அதில் ஒரு சின்ன விளக்கைக் கோத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். டிரைவர் ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். விளக்கு ஒருதரம் கண் சிமிட்டியது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். பஸ் நின்றேவிட்டது. கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கணவனிடம் திரும்பினாள். "மாமா, ராக்கெட்டு மேல பாயும்போது செல்லு எல்லாம் கீழ அமுங்குது. ஸ்பிரிங்கு வழி விடுது. மேல ஒரு முடி அளவு கனெக்சன் விட்டாப் போதும், டைமர் செத்துப்போகும். ஸ்பிரிங்கே ஆகாது."

கடையில் இடி இறங்கிப் போர்டு கருகிப்போன கார்டுலெஸ் போன் ஒன்று கிடந்தது. அதன் பேட்டரியைப் பிரித்தாள். விரல் பருமனில் மூன்று சின்னச் செல்கள், தகடு வைத்து ஒன்றோடொன்று பற்றவைத்தவை, ஒயரும் பிளக்கும் சேர்ந்தே இருந்தன. ஸ்பிரிங் என்ற பேச்சே இல்லை. மூன்றரை வோல்ட்தான், ஆனால் மோட்டார் சுற்றும்போதும் அசையாமல் அப்படியே நின்றது. ஸ்பாஞ்சில் சுற்றி, டேப் ஒட்டி, போதாததற்கு நூலாலும் கட்டினாள். பிளக்கின் மேல் பசை விட்டாள். பிறகு அந்தச் சர்க்யூட்டைத் தலைக்கு மேலே தூக்கித் தலையணைமேல் ஓங்கி அடித்தாள். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்காரரோட சண்டையா?" என்றார். இரண்டரை நொடி தப்பாமல் மோட்டார் 'கிர்' என்று சுற்றியது.

திறப்பு விழா அன்று பந்தல், மைக், லட்டு எல்லாம் தயார். ஜக்கம்மா மேடையில் அரக்குப் பட்டுடுத்தி, முகத்தை மட்டும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். சங்கிலி காற்றடித்தான். விஜி விரல் மடக்கி எண்ணத் தயாரானாள்.

'புஸ்ஸ்' என்று தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ராக்கெட் எழுந்தது. ஒன்று, இரண்டு, இரண்டரை. மூடி திறந்தது! சிவப்பும் மஞ்சளுமாக இதழ்கள் வானத்தில் விரிந்தன. சனம் வாயைப் பிளந்தது. விஜி தன்னை மறந்து குதித்தாள்.

இரண்டு பேரும் ஒரு மாதமாகப் பேட்டரியையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றை நினைக்கவே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆனிக் காற்று சும்மா விடுமா? மொத்தப் பூவையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டியது. விழாவுக்கு வரமாட்டேன் என்று வீம்பாக டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த முன்னாள் தலைவர் வேலுச்சாமியின் தலையில், தோளில், டீக் கிளாசில் பூவாகப் பொழிந்தது.

வேலுச்சாமி மெல்ல எழுந்தார். கண் கலங்கிக் கும்பிட்டார். ரோட்டைத் தாண்டி வந்து மைக்கைப் பிடித்தார். "இந்தத் தொட்டிக்கு மொத மொத மனு எழுதுனது நானுன்னு ஊரு மறந்துச்சு. தங்கச்சி ஜக்கம்மா மறக்கல. எனக்கு வானத்துல இருந்து மாலை போட்டுட்டாக. குழாய் போக என் தோட்டத்துல வழி கேட்டாகள்ல? எடுத்துக்கங்க!"

அந்த வழிக்காக ஜக்கம்மா எட்டு மாதமாகத் தாலுகா ஆபீசில் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுருங்கியது, விரிந்தது, கடைசியில் ஒரு மாதிரி சிரிப்பாக நின்றது. "ஆமாண்ணே, நாந்தேன் அங்கன விடச் சொன்னேன்" என்றார்.

கைதட்டல் அடங்குமுன் அவர் விஜியின் காதருகே குனிந்தார். "ஆத்தா விஜி, பேட்டரி கீட்டரின்னு என்னென்னமோ சொன்னியே. என்னைய நோக்கித் திரும்புறதுக்கு ஒரு பேட்டரி போட்டிருக்கக் கூடாதா?"

"அதுக்குப் பேட்டரி பத்தாது தலைவரம்மா" என்றாள் விஜி, சிரிப்பை அடக்கமுடியாமல். ஜக்கம்மா அவள் தோளில் ஒன்று வைத்தார். வலிக்கத்தான் செய்தது. பாராசூட்டோடு புளியமரத்தில் தொங்கிய பாட்டிலை எடுக்கச் சங்கிலி அதற்குள் பாதி மரம் ஏறியிருந்தான்.