கம்ப்யூட்டர் கேட்ட உத்தரவு

பல்லடத்துக்கு மேற்கே இருக்கும் தம்பிதுரைக் கவுண்டரின் கோழிப் பண்ணைக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. கேட்டருகே ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர் இருக்கும். அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய ஆபீசர் வந்தாலும் அதே சட்டம்தான். ஒரு வருசம் தீவனக்காரன் ஒருத்தன் அவசரமென்று தொட்டியைத் தாண்டிக் குதித்து வந்தான். அந்த வாரமே ஒரு கொட்டகைக் கோழி மொத்தமும் கழுத்துத் தொங்கிச் செத்துக் கிடந்தது. அதிலிருந்து எந்த மனிதர் வந்தாலும் கவுண்டர் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் தொண்ணூற்றெட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. மனைவி நாச்சியம்மாளுக்கு வாதம் அடித்து, ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டிருந்தன. அமெரிக்காவில் இருக்கும் மகன் கிருபாசங்கர் போன் பண்ணினால் ரிசீவரை அவள் காதில் வைப்பார். கேட்டுக்கொண்டே அழுவாள், பதில் சொல்ல நாக்கு எழும்பாது. மகனால் கிளம்பி வரவும் முடியவில்லை. விசா மாற்றுகிற நேரமாம், வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். அதனால் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மைதீன் பிச்சையிடம் சொல்லி, கேமராவோடு ஒன்றைக் கட்டிலுக்கு எதிரே மாட்ட வைத்தான்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்று அவனே ஒரு வெப் பக்கம் எழுதியிருந்தான். அதில் அவனுடைய போட்டோ, கீழே பெரிய சிவப்புப் பட்டன். அதை அமுக்கினால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த புரோகிராம் திறந்துகொள்ளும். அவன் முகம் இங்கே வரும், அம்மா முகம் அங்கே போகும்.

மைதீன் பிச்சை அமுக்கிக் காட்டினார். முகம் வரவில்லை. திரை நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது.

"என்ன பாய் அது?"

"ஒண்ணுமில்லைங்க கவுண்டரே. இந்த வெப் பக்கம் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராமை ஓட்டப் பாக்குது, கெடுதல் இருந்தாலும் இருக்கும், உள்ள உடலாமான்னு கேக்குது. இது யெஸ்ஸு, இது நோ."

"கெடுதல்னு அதுவே சொல்லுதா?"

"எந்தப் பக்கம் வந்தாலும் அப்படித்தானுங்க சொல்லும்."

"யோவ், திருடன் வாசல்ல நின்னு நான் திருடனா இருந்தாலும் இருப்பேங்கறான். நீ எலை போட்டுச் சோறு போடச் சொல்ற!"

"உங்க பையன் எழுதுன பக்கமுங்க!"

"போட்டோவை எவன் வேணும்னாலும் ஒட்டுவான். நோவை அமுக்கு."

நோ எது என்று அன்றே பார்த்துவைத்துக்கொண்டார். இரண்டே எழுத்து.

வீட்டில் போன் லைன் ஒன்றுதான். நெட் போட்டால் போன் செத்துவிடும். அதை நிறுத்திய பிறகுதான் மகன் கூப்பிட முடிந்தது.

"நம்ம பண்ணை கேட்டு மாதிரிதானுங்கப்பா அது. வெளிய இருந்து வர்ற பக்கம் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற புரோகிராமைத் தானா எழுப்பிப்போடக் கூடாது. ஊட்டுக்காரரு சொன்னாத்தான்."

"நல்ல காவலுதான்."

"நல்ல காவலுதானுங்க. ஆனா கேட்டுல நிக்கறது நானுங்கப்பா."

"இப்பப் போன்ல சொல்ற. நெட்டுப் போட்டா போன் போயிருது. அப்ப நிக்கறது நீதானான்னு நான் எவனைப் போயிக் கேக்கறது?"



"அம்மாளை ஒருக்காப் பாத்துக்கறேனுங்கப்பா."

"சாமிகிட்டப் பூக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்."

கிணறு வெட்டினாலும் பெண் எடுத்தாலும் பூக் கேட்டே பழகியவர். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து மாரியம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டார். பூசாரி பிரித்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது. கவுண்டருக்கு உள்ளூர நிம்மதிதான். வெள்ளை வந்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பார், அது அவருக்கே தெரியும்.

ஆனாலும் காலையில் அவளுக்காக அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பார். போட்டோவையாவது பார்க்கட்டும் என்றுதான். அந்நேரம் அங்கே மகன் வேலை முடிந்து வந்து காத்துக்கொண்டிருப்பான். நாச்சியம்மாள் இடது கையைப் பட்டனை நோக்கி நீட்டுவாள். அவள் மனம் நோகக் கூடாது என்று அமுக்குவார். கட்டம் வரும். நோவைத் தட்டுவார். அவள் கட்டில் சட்டத்தில் மடார் மடாரென்று அடிப்பாள்.

"சாமி வேண்டாங்குது புள்ள. கொஞ்சம் பொறு. வர்ற வெள்ளிக்கெழமை இன்னொருக்காக் கேக்கறேன்."

அவள் பொறுக்கவில்லை. புதன்கிழமை காலை கட்டம் வந்து நின்ற நேரத்தில் நீட்டிய கை நீட்டியபடியே தொங்கிவிட்டது. அவர் அவளைத் தாங்கிப் பிடிக்கப் போனார். திரையில் அது இன்னும் உடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். போனில் கிருபாசங்கர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கவுண்டர் திருப்பிக் கத்தியிருப்பார். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

கருமாதி முடிந்து துக்கம் கேட்க மைதீன் பிச்சை வந்தார்.

"பாய், அதைப் போடுங்க."

மோடம் கீச்சிட்டு அடங்கியது. போட்டோ வந்தது, பட்டன் வந்தது, கட்டம் வந்தது.

"இங்க ஒரு டிக் போட்டுட்டா இனிமே கேக்காதுங்க கவுண்டரே."

"வேண்டாம், கேக்கட்டும். யெஸ்ஸு எது?"

மைதீன் பிச்சை விரலால் காட்டினார். கவுண்டரே அமுக்கினார்.

அவ்வளவுதான். எவனும் உள்ளே வந்து எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர் வீட்டிலேயே இத்தனை நாளும் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று எழுந்து திறந்துகொண்டது. விட்டு விட்டு வந்த படத்தில் ஓர் ஆள் தெரிந்தான். தலை மொட்டையாக இருந்தது. கவுண்டருக்கு அடையாளம் பிடிபட ஒரு நிமிசம் ஆயிற்று.

"எப்படா மழிச்ச?"

"அன்னிக்கேதானுங்கப்பா."

"ஆரு மழிச்சா?"

"நானேதானுங்க. இங்க ஆரு இருக்கறா?"

 மைதீன் பிச்சை மெல்ல எழுந்து வெளியே போனார். மகன் அப்பாவைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலே எதையோ பார்க்க எட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

கவுண்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பின்னால் கட்டில் மட்டும் கிடந்தது. மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து மகனும் இங்கிருந்து அப்பனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.