இரண்டு ஆறாம் நம்பர் பெட்டிகள்

“கேபிள நான் மாத்தி சொருகினேன்னு எந்த வாயால சொன்ன பாவா? கையில காப்பு வேற கட்டிகினு இருக்க.”

சுதாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்தும் குடத்தோடு வெளியே வந்தேன். எதிர்வீட்டு பூபாலன், ஆடிக் கிருத்திகைக் காவடிக்குக் காப்புக் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றான். சுதா அவனுடைய மாமன் மகள். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

இருவருக்கும் வேலை பைபாஸ் ரோட்டுக் கம்பெனியில். ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கிற இடம். அங்குள்ள கேட்வே இயந்திரம் வீட்டுத் தரகர் மாதிரி. சொந்த இடமில்லாமல் படங்களை அடுத்தவர் பெட்டிகளில் வைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. முந்தின வருஷம் அதற்கென்றே படங்களைச் சேமிக்கும் ஒரு பெட்டியை, டிஸ்க் ஷெல்ஃபை, மாட்டினார்கள். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை இன்னொன்று. அதற்கு எண் வைத்தது பூபாலன், கேபிள் சொருகியது சுதா.

மறுநாள் ஒரு படமும் திறக்கவில்லை. சுதா தப்பாகச் சொருகிவிட்டாள் என்று மேனேஜரிடம் பூபாலன் சொல்ல, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியை ஆர்.கே.பேட்டை பஸ் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான்.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து பழுது பார்க்க வந்த இன்ஜினியர் கௌதமன் கேபிளைத் தொடவேயில்லை. பெட்டிகளின் முகப்பைப் பார்த்தான். இரண்டிலும் ஆறு. பெட்டிக்கொரு எண் இல்லாவிட்டால் கேட்வேக்கு எது எதுவென்று தெரியாதாம். முதல் பெட்டிக்கு எண் வைத்த நாகேந்திரனும் திருத்தணிக்காரன். ஆறுமுகனை நினைத்தால் இந்த ஊரில் வேறு எந்த எண் வாய்க்கும்?

“முருகன் நம்பராச்சேன்னு வச்சேன். பக்கத்துப் பெட்டிய பாக்கல,” என்று தெருவில் சுதாவிடம் சொன்னான் பூபாலன்.

“பாக்காதது போவுது. எப்ப தெரிஞ்சிது உனக்கு?”

எண்ணை மாற்றப் பெட்டியை அணைக்க வேண்டும், அணைத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று ஏதோ முனகினான். அவள் விடவில்லை.

“படம் தொறக்காத அன்னிக்கி காலையிலயே,” என்றான் கடைசியில்.

சுதாவின் குரல் இறங்கிவிட்டது. “தைக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லி எங்க அத்தைகிட்ட நீயே சொல்லிடு. அதையாவது நெசமா சொல்லு.”

காய்ச்சல் என்று சொல்லி அந்த வருஷம் அவன் காவடி எடுக்கவில்லை. கம்பெனி திரும்பக் கூப்பிட்டும் சுதா போகவில்லை. பெங்களூரில் வேலை தேடிக்கொண்டாள். பூபாலன் ஓசூருக்குப் போனான், இன்னும் தனியாள்தான். அடுத்த வைகாசியில் சுதாவுக்கும் அரக்கோணத்துக் குமரேசனுக்கும் கல்யாணம். தெருவில் எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வந்தது.