நிருபமா போட்ட சாயம்

குவாஹாட்டியில் படகு ஓட்டும் திம்பேஸ்வர் வாழ்நாளில் ஒரு பாக்குகூட மென்றதில்லை. வாய்ப் புற்றுநோய் பாக்கு மெல்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்து, நாக்கின் அடியில் வந்த புண்ணை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சதைத் துணுக்கைச் சோதித்தபோதும் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆய்வகத்து நிருபமாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வேகமாகப் பெருகும் செல்களைப் பழுப்பாகக் காட்டும் சாயத்தைப் போட்டுப் பார்த்தாள். எங்கும் பழுப்புப் புள்ளிகள். பாக்கு மெல்லாதவருக்கும் புற்றுநோயைக் கொண்டுவரும் ஒரு வைரஸின் தடயமும் இருந்தது.

ஆரம்பத்திலேயே தெரிந்ததால் நாக்கில் கொஞ்சம் வெட்டி எடுத்ததோடு சரியாயிற்று.

சாயம் போட்டுப் பார்த்தது நிருபமா என்று டாக்டர் சொல்லித்தான் திம்பேஸ்வருக்குத் தெரியும். நாலு மாதம் கழித்து, மனைவி செய்த எள்ளுருண்டையோடு ஆய்வகத்தைத் தேடிப் போனார்.

"என்னைக் காப்பாத்துனது நீங்கதானாமே, அக்கா?" நாக்கு குழறியது.

நிருபமா திகைத்து எழுந்தாள். "பதினாறு வருஷமா உங்களையெல்லாம் கண்ணாடித் தகட்டுலதான் பாக்குறேன். நேர்ல யாரும் வந்ததில்ல."

"அப்ப நல்லாப் பாத்துக்கோங்க. தகட்டுல பழுப்பு, முழு ஆளு இவ்வளவு கறுப்பு."

அவள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு ஓர் உருண்டையைக் கொடுத்துவிட்டு, அவரும் ஒன்றை வாயில் போட்டார். மெதுவாக மென்றார். வெல்லம் இனித்தது.