பொதுமக்கள் கவனத்திற்கு

நிலக்கரி எரிக்கும் துஸ்லா நகரில் விடியற்காலை ஐந்தரை மணி. தெருவிளக்கைச் சுற்றிப் புகை மஞ்சளாகக் குழம்பி நின்றது. முதல் நாள் பெய்த பனியின் மேல் கரி படிந்திருந்தது. சும்ரா அதைக் கூட்டக் கூட்டத் துடைப்பம் கறுத்துக்கொண்டே போனது. காறித் துப்பினாள். துப்பிய எச்சிலும் அதே நிறம். தன் உடம்புக்குள்ளிருந்தா இது வருகிறது என்று உற்றுப் பார்த்தாள்.

அன்று கூட்டுவதோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. துப்புரவு ஒப்பந்தக் கம்பெனி ஒரு கட்டுச் சுவரொட்டி கொடுத்து, ஏழு மணிக்குள் கடைத்தெரு முழுக்க ஒட்டச் சொல்லியிருந்தது. கூட வேலை செய்யும் ரகீப் பசை தடவ, அவள் ஒட்டினாள். நாலாவது கம்பத்தில் ரகீப் மூச்சு முட்டி, பசை வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இளைப்பு அடங்கும்வரை நிற்க வேண்டியிருந்ததால்தான் சும்ரா சுவரொட்டியைப் படித்தாள்.

‘பொதுமக்கள் கவனத்திற்கு. காற்று மாசு மிகுந்துள்ளதால் காலை பத்து மணி வரை வெளியே வர வேண்டாம். கதவு, ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். வெளியில் உடலை வருத்தும் வேலைகளைத் தவிருங்கள். நிற்கும் வண்டியின் எஞ்சினை அணையுங்கள்.’

“அடத் தூ! ரகீப் அண்ணே, பத்து மணி வரைக்கும் யாரும் வெளிய வரக்கூடாதாம்.”

“அப்ப இத ஒட்டுறது யாரு, பேயா?”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கம்பெனி முதலாளி நெர்மினின் கார் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. அதன் புகை நேராக ரகீபின் முகத்தில் அடித்தது. கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது.

“என்ன, உக்காந்தாச்சா?”

“அவருக்கு மூச்சு முட்டுது சார். நாங்களும் பத்து மணிக்கு மேல வந்து கூட்டுறோம். அதே எட்டு மணி நேரம் செஞ்சு குடுத்துட்டுப் போறோம். உங்க தாள்லயே போட்டிருக்கே.”

“அது பொதுமக்களுக்குப் போட்டது.”

“அப்ப நாங்க யாரு?”

“நீங்க வேலைக்காரங்க. முடியலன்னா அந்தாளு நாளையிலேர்ந்து வர வேணாம்.”

கண்ணாடி இடுக்கு வழியே, காருக்குள் தொங்கிய வாசனை அட்டையின் பைன் மர மணம் வந்தது. காருக்குள் அவன் மட்டும் மூச்சு விட வைத்திருக்கும் காடு. சும்ரா ஒரு சுவரொட்டியை எடுத்துப் பசையை அள்ளித் தடவி, காரின் முன்கண்ணாடியில் அவன் முகத்துக்கு நேரே ஒட்டினாள்.

“எஞ்சின அணைக்கணும்னும் போட்டிருக்கு சார். படிங்க.”

துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ரகீபைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி தொழிலாளர்கள் உடை மாற்றும் அறைக்கு நடந்தாள். வழியில், மற்றத் தெருக்களைக் கூட்டும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். “தாள்ல போட்டிருக்கிறபடி செய்ங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

ஆறரைக்குள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். அடுப்பில் காப்பி கொதித்தது. ஒருவர் பையிலும் போன் அடங்கவில்லை. அழைப்பது யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் எடுக்கவில்லை. நாளைக்கு ரகீபுக்கு வேலை இருக்குமா, தங்களுக்கே இருக்குமா என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

“கதவச் சாத்தும்மா, புகை வருது” என்றார் ரகீப். “தாள்ல போட்டிருக்கில்ல.”

சும்ரா கதவில் கை வைத்தாள். புகைக்குள் ஆள் முகம் எதுவும் தெரியவில்லை. பாலத்துப் பக்கமிருந்து இருமல் மட்டும் கேட்டது. ஒன்று, பிறகு இரண்டு மூன்று, நெருங்கி வந்தன.

“இருங்கண்ணே” என்றாள். “இன்னும் ஆள் வந்துக்கிட்டிருக்கு.”